கூண்டில் நிற்பது முகவரி!

(தலைப்பு: குற்றங்கள் பெருகப் பெரிதும் காரணம் மனித மனமா? வாழும் இடமா? ‘வாழும் இடமே’ அணியின் நிறைவுப் பேச்சு)

சிரிக்கச் சிரிக்கப் பேசினாலும் சீர்தூக்கிப் பார்த்தே தீர்ப்புச் சொல்லும் நடுவர் அவர்களே! எதிரிலே உட்கார்ந்திருந்தாலும் எதிரிகள் அல்லாத எதிரணி நண்பர்களே! காவிரி பாய்ந்து கவிதை விளைந்த இந்தத் தஞ்சை மண்ணின் பெருமக்களே! தொலைக்காட்சி முன்னால் அமர்ந்திருக்கிற தாய்மார்களே!

எதிரணித் தலைவர் பேசினாரு. பேசினாரு பேசினாரு, மனசு மனசுன்னு பேசினாரு. நான் எண்ணிக்கிட்டே வந்தேன். முப்பது தடவைக்கு மேலே மனசுன்னு சொல்லிட்டாரு. அவரு வீட்டு அம்மாகூட கல்யாணத்துக்கு அப்புறம் அவரு வாயிலேர்ந்து அந்த வார்த்தையை இத்தனை தடவை கேட்டிருக்க மாட்டாங்க. (சிரிப்பு)

அவர் சொன்னது என்ன? “மனம் கெட்டால் மனிதன் கெடுவான். இடம் என்ன செய்யும்? இடம் கல்லும் மண்ணும்தானே?” என்றார். அதற்கு வள்ளுவரையும் துணைக்குக் கூப்பிட்டார். நான் கேட்கிறேன், வள்ளுவரைக் கூப்பிட்டீங்களே, அவரை முழுசாப் பேச விட்டீங்களா? சிற்றினஞ்சேராமை என்று ஓர் அதிகாரம், நாற்பத்தாறாவது அதிகாரம். அதிலே அவர் என்ன சொல்கிறார்? தண்ணீருக்கென்று தனிக்குணம் இல்லை, எந்த நிலத்திலே சேருதோ அந்த நிலத்தின் குணமாக அது மாறிப்போகும். அதுபோலத்தான் மனிதனும் தான் சேர்ந்த இனத்தினாலே மாறுகிறான் என்கிறார். அதோடு விட்டாரா? ஒருவனுக்கு அறிவு மனசிலே இருக்கிற மாதிரி தோணும். உண்மையிலே அது அவன் சேர்ந்த இனத்திலேதான் இருக்குன்னு அடுத்த அடி வைக்கிறார். ஐயா, நீங்க கூப்பிட்ட சாட்சி எங்க கட்சிக்காரர்! (பலத்த கைதட்டல்)

இது காவிரிப் பாசனப் பூமி. இங்கே உட்கார்ந்திருக்கிற விவசாயப் பெருமக்களுக்குத் தலைமடை, கடைமடைன்னா நான் விளக்க வேண்டியதில்லை. ஆடுதுறையிலே ஒரே நாளிலே, ஒரே கடையிலே, ஒரே விதையை இரண்டு பேர் வாங்குறாங்க. ஒருத்தர் வயல் திருவையாத்துப் பக்கம். இன்னொருத்தர் வயல் வேதாரண்யத்துப் பக்கம். மேட்டூரைத் திறந்தாச்சு, கல்லணையைத் திறந்தாச்சு. திருவையாத்துக்காரர் வயல்ல தண்ணி நிக்குது. வேதாரண்யத்துக்காரர் வாய்க்கால் கரையிலே நின்னு தண்ணி வருமா வருமான்னு பாத்துக்கிட்டு நிக்குறாரு. கடைசியிலே அவரு பயிர் கருகிப்போச்சு. அப்போ எதிரணித் தலைவர் போய், “அன்பரே, விதையின் மனத்திலே உறுதி போதவில்லை”ன்னு சொல்லுவாரா? (சிரிப்பு) சொன்னா அந்த விவசாயி கையிலே மண்வெட்டி இருக்கு, அதை மறந்துடாதீங்க! (சிரிப்பு, கைதட்டல்)

எதிரணி அம்மையார் ஒரு நல்ல கேள்வி கேட்டாங்க. நல்ல கேள்வியை நல்ல கேள்வின்னு ஒத்துக்கணும். “ஒரே தெருவிலே பிறந்த இரண்டு பேர். ஒருவன் கலெக்டர் ஆகிறான், ஒருவன் திருடன் ஆகிறான். இடம்தான் காரணம்னா இரண்டு பேரும் ஒரே மாதிரி ஆகியிருக்க வேண்டாமா?” என்றார்கள். அம்மா, காய்ந்த வயல்லேயும் நாலு நாத்து பச்சையா நிக்கும். அந்த நாலு நாத்தை வணங்குவோம். அதைக் காட்டி, “பாரு, வயல்ல தண்ணி இருக்கு”ன்னு சொல்ல முடியுமா? ஒருத்தர் தப்பிச்சதைக் கேக்காதீங்க. நூத்துக்கு எத்தனை பேர் தப்பிச்சாங்கன்னு கேளுங்க. அங்கேதான் கணக்கு வருது.

அந்தக் கணக்கை அமெரிக்காவிலே சிகாகோ நகரத்திலே போட்டுப் பாத்தாங்க. கிளிஃபர்ட் ஷா, ஹென்றி மெக்கே என்று இரண்டு ஆராய்ச்சியாளர்கள். சிறுவர் நீதிமன்றத்துப் பதிவேடுகளை எடுத்தாங்க. கோர்ட்டுக்கு வந்த ஒவ்வொரு பையனும் எந்த வீட்டிலேர்ந்து வந்தான்னு நகர வரைபடத்திலே ஒவ்வொரு புள்ளியா வெச்சாங்க. பல வருஷத்துப் புள்ளி. 1942இல் புத்தகமா வெளியிட்டாங்க. என்ன தெரிஞ்சுது தெரியுமா? தொழிற்சாலைகளை ஒட்டி, இடிஞ்ச வீடும் குறைஞ்ச கூலியுமா இருந்த பகுதிகளிலே புள்ளி நெருக்கமா விழுந்துச்சு. இதுலே ஆச்சரியம் இல்லை. ஆச்சரியம் எங்கேன்னா, முதல்லே அங்கே இருந்தவங்க ஜெர்மானியர்கள், ஐரிஷ்காரர்கள். கொஞ்சம் காசு சேர்ந்ததும் அவங்க வேற பகுதிக்குப் போயிட்டாங்க. அவங்க காலி பண்ணின வீட்டுக்குப் போலந்துக்காரங்களும் இத்தாலிக்காரங்களும் குடி வந்தாங்க. மொழி வேற, ஊர் வேற, வழக்கம் வேற. ஆனா புள்ளி மட்டும் அதே இடத்திலே விழுந்துக்கிட்டே இருந்துச்சு! வெளியே போனவங்க பிள்ளைகளுக்கோ புள்ளி குறைஞ்சுபோச்சு. நடுவர் அவர்களே, ஆள் மாறினான், புள்ளி மாறவில்லை. இடம் மாறினான், ஆள் மாறிவிட்டான். இதற்கு மேலே எங்கள் அணிக்கு என்ன சாட்சி வேண்டும்? (கைதட்டல்)

“அது பழைய கதை”ன்னு சொல்லுவாங்க. புதுசா ஒண்ணு சொல்றேன். 1994இலிருந்து 1998 வரை அந்த அரசாங்கமே ஒரு சோதனை பண்ணிச்சு. நியூயார்க், சிகாகோ உட்பட ஐந்து நகரங்கள். ஏழைக் குடியிருப்புகளிலே இருந்த நாலாயிரத்து அறுநூறு குடும்பம். சீட்டுக் குலுக்கிப் போட்டாங்க. சிலருக்கு, வறுமை குறைந்த பகுதியிலே வாடகைக்குக் குடியேற உதவி. சிலருக்கு அந்த உதவி இல்லை. அப்புறம் காத்திருந்தாங்க, பிள்ளைகள் வளர்ந்து சம்பாதிக்கிற வயசு வரைக்கும். 2015இல் கணக்குப் பாத்தா, பதின்மூன்று வயசுக்கு முன்னாடியே நல்ல பகுதிக்குப் போன பிள்ளைகள், போகாத பிள்ளைகளைவிட நூற்றுக்கு முப்பத்தொரு பங்கு அதிகமா சம்பாதிக்கிறாங்க! அந்தப் பிள்ளைங்க மனசை யாரும் ஆபரேஷன் பண்ணலீங்க. வீட்டைத்தான் மாத்தினாங்க. பதின்மூன்றுக்கு மேலே போன பிள்ளைகளுக்கோ அந்தப் பலன் கிடைக்கவில்லை. இது ஏன்னு ஆராய்ச்சியாளர்கள் அங்கே தலையைப் பிச்சுக்கலாம். தஞ்சாவூர்ப் பாட்டிக்குத் தெரியும். நாத்தைப் பருவத்திலே பறிச்சு நட்டாத்தான் தூர் கட்டும். முத்தின நாத்தை நட்டா நிக்கும், ஆனா தூர் கட்டாது! (நீண்ட கைதட்டல்)

இப்போ நான் எதிரணியோடு சண்டையை நிறுத்திக்கிறேன். என் அணிக்காரரோடு கொஞ்சம் சண்டை போடணும். (சிரிப்பு) நடுவர் பதறாதீங்க, இது குடும்பச் சண்டை.

எனக்கு முன்னால் பேசிய எங்கள் அணித் தம்பி நன்றாகத்தான் பேசினார். ஆனால் நடுவிலே ஒரு வார்த்தை சொன்னார். “சில ஏரியாப் பேரைச் சொன்னாலே பர்ஸைத் தொட்டுப் பாத்துக்கணும்” என்றார். நீங்களும் சிரிச்சீங்க. அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. தம்பி, வாழும் இடமே காரணம்னு நாம சொன்னா, அந்த இடத்திலே வாழுற எல்லாரும் குற்றவாளின்னு அர்த்தம் இல்லை. இரண்டும் ஒண்ணு இல்லை. வானத்துக்கும் பூமிக்கும் உள்ள தூரம்.

லண்டனிலே சார்லஸ் பூத் என்று ஒருவர். கப்பல் முதலாளி. 1889இல் லண்டன் நகரத்துக்கு ஒரு வரைபடம் போட்டார். தெருத்தெருவா ஆளை அனுப்பி விசாரிச்சு, ஏழு வண்ணம் தீட்டினார். பணக்காரத் தெருவுக்கு மஞ்சள், வசதியான தெருவுக்குச் சிவப்பு, அப்படியே இறங்கி நீலம், கருநீலம். கடைசியிலே கறுப்பு. கறுப்புத் தெருவிலே இருக்கிறவங்க யாருன்னா, கீழ்த்தட்டு, ஒழுக்கங்கெட்டவர்கள், அரைக் குற்றவாளிகள் என்று அந்த வரைபடமே விளக்கம் எழுதி வெச்சிருக்கு. ஆனா அதே பூத் எண்ணிப் பார்த்த கணக்கு என்ன சொல்லுது? லண்டன் மக்களிலே அந்த வகையிலே சேர்ந்தவங்க நூத்துக்கு ஒருத்தர்கூட இல்லை. வறுமையிலே இருந்தவங்க நூத்துக்கு முப்பது பேர். மிகக் கடுமையான வறுமையிலே இருந்தவங்களுக்கு எதனாலே இந்த நிலைன்னு ஆராய்ஞ்சா, பாதிக்கு மேலே காரணம் வேலை இல்லாததும் கூலி போதாததும். குடிப்பழக்கம் அதுக்கு ரொம்பக் கீழேதான். கணக்கு உண்மையைச் சொல்லிச்சு. வண்ணம் ஒரு முழுத் தெருவுக்கும் கறுப்பு மை பூசிட்டுப் போயிடிச்சு.

அங்கே தெருவுக்குப் பூசினாங்க. இங்கே என்ன பண்ணினாங்க? 1871இல் வெள்ளைக்கார அரசு ஒரு சட்டமே போட்டு, சில சமூகங்களைப் பிறப்பாலேயே குற்றப்பரம்பரை என்று எழுதிவிட்டது. 1911இல் புதுச் சட்டமாகச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நம்ம ஊர்ப் பெரியவங்க ரேகைச் சட்டம்னு சொல்லுவாங்களே, அதுதான். தொட்டில்லே கிடக்கிற குழந்தை என்ன குற்றம் பண்ணிச்சு? நாடு முழுக்க அந்தச் சட்டம் ஒழிய 1952 ஆக வேண்டியிருந்தது.

அப்போ எண்ணுவது தப்பா? வீடு, வருமானம், விலாசம் இதையெல்லாம் கணக்கெடுப்பதே தப்பா? இல்லவே இல்லை. நடுவர் அவர்களே, தெருவாரியா, வீட்டுவாரியா கணக்கெடுக்கிறதை வெள்ளைக்காரன் வந்து நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கேயிருந்து கூப்பிடு தூரத்திலே பெரிய கோயில் இருக்கு. அங்கே ராசராசன் கல்வெட்டைப் போய்ப் பாருங்க. 1014ஆம் ஆண்டு வாக்கிலே பொறித்தது. கோயில் பணிக்கு வந்த தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேர். ஒவ்வொருத்தர் பேரும் கல்லிலே இருக்கு. எந்த ஊர்க் கோயிலிலேர்ந்து வந்தாங்க, இருக்கு. எந்தத் தெரு, எந்தச் சிறகு, தெற்கு வரிசையா வடக்கு வரிசையா, தலைவீடா இரண்டாம் வீடா, இருக்கு. ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு நூறு கலம் நெல்லுன்னு வருமானமும் இருக்கு! இன்றைக்குக் கம்ப்யூட்டரிலே எடுக்கிற கணக்கை ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலே கல்லிலே எடுத்து வெச்சான். (கைதட்டல்) எதற்காக? யாருக்கு எவ்வளவு கொடுக்கணும், அவங்க இறந்தால் அந்தப் பங்கு அடுத்து யாருக்குன்னு தெரிவதற்காக. கொடுப்பதற்காக எண்ணினான்.

கைதட்டினீங்க, சரி. ஆனா தமிழ்ப் பேராசிரியன் பாதிக் கல்வெட்டை மட்டும் படிச்சிட்டு இறங்கக் கூடாது. அதே கோயிலிலே இன்னொரு கல்வெட்டுப் பகுதி. ஊர்களின் நிலத்தை அளந்து, வரி இல்லாத இடங்களைக் கழிக்கிறாங்க. எதையெல்லாம் கழிக்கிறாங்க? குளம், வாய்க்கால், ஊர்நத்தம், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு. சில ஊர்களிலே தீண்டாச்சேரி என்றே ஒரு பெயர். ஊர்நத்தம் தனி, சேரி தனி. வரி வாங்காத கணக்குத்தான், ஒத்துக்கிறேன். ஆனா ஒரே வரிப் பட்டியல்லே, சுடுகாட்டுக்குப் பக்கத்திலே ஒரு முகவரி எழுதிட்டான். கல்லிலே எழுதினது அழியுமா? ஆயிரம் வருஷமா அந்த முகவரி அழியலீங்க.

அது எங்கே போய் முடிந்தது தெரியுமா? இதே பழைய தஞ்சை மாவட்டம். கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25. கூலி கொஞ்சம் கூட்டிக் கேட்டாங்க, அரைப்படி நெல்லு. அந்த இரவிலே, உயிருக்குப் பயந்து ஒரு குடிசைக்குள்ளே ஒளிந்த நாற்பத்து நாலு பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், உயிரோடு எரிக்கப்பட்டார்கள். (அரங்கில் அமைதி)

இப்போ சொல்லுங்க. குற்ற வரைபடம் போடுறவன் அன்றைக்குப் புள்ளி வைத்தால் எங்கே வைப்பான்? அந்தச் சேரியிலே வைப்பான். நாற்பத்து நாலு புள்ளி. வரைபடத்தைத் தூரத்திலேர்ந்து பார்க்கிறவன் என்ன சொல்லுவான்? “அடேயப்பா, மோசமான ஏரியா”ன்னு சொல்லுவான். ஐயா, புள்ளி விழுந்த இடத்திலே இருந்தவன் செத்தவன்! புள்ளி வைத்தவன் வேறு முகவரி! வழக்கு நடந்தது. 1970இல் கீழ்க்கோர்ட்டிலே தண்டனை. 1973இல் உயர்நீதிமன்றத்திலே விடுதலை. வசதி படைத்த நிலக்கிழார்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற கருத்து அந்தத் தீர்ப்பிலே இருந்தது. முகவரி ஒருத்தனைச் சந்தேகத்துக்கு ஆளாக்கும். முகவரியே ஒருத்தனைச் சந்தேகத்திலேர்ந்து காப்பாத்தவும் செய்யும். இந்தக் கொடுமையைத் தழுவித்தான் இந்திரா பார்த்தசாரதி ‘குருதிப்புனல்’ எழுதினார். 1977இல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்ற நாவல்.

அன்றைக்குக் கூலிக்காரனுக்கு என்ன பலவீனம்? வயல் மட்டுமில்லை, குடிசை நிற்கிற மனைக்கட்டும் மிராசுதாருடையது. இன்றைக்குக் கூலி கேட்டால் நாளைக்குக் குடிசை இருக்காது. 1971இல் தமிழக அரசு குடியிருப்புச் சட்டம் கொண்டுவந்து, குடியிருக்கிற மனையை அந்த உழைப்பாளிக்கே சொந்தமாக்கியது. பிறகு கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் தம்பதியர் இதே கீழத்தஞ்சையிலே 1981இல் லாப்டி இயக்கம் தொடங்கி, நிலமில்லாத பெண்கள் பேரிலே நிலம் எழுதி வைத்தார்கள். யாருக்கும் மனநல வகுப்பு எடுக்கலை. காலுக்குக் கீழே ஒரு துண்டு மண், அதிலே தன் பேர். நிமிர்ந்து நிற்க அது போதுமானதாக இருந்தது. (கைதட்டல்)

“ஐயா, இடத்தை மாத்தினாப் போதும்னு சொல்றீங்களே, சென்னையிலே மாத்தினாங்களே, என்ன ஆச்சு?”ன்னு எதிரணி நண்பர் கேட்பார். அவர் கேட்குமுன்னே நானே சொல்றேன். கூவக்கரை, அடையாற்றங்கரைக் குடிசைகளை எடுத்தாங்க. 2000ஆம் ஆண்டு வாக்கிலேர்ந்து பழைய மகாபலிபுரம் சாலையிலே ஒரு குடியிருப்பு. ஆரம்பத்திலே கட்டின வீடு இருநூறு சதுர அடிகூட இல்லை. அப்புறம் சுனாமி, செம்மஞ்சேரி. 2015 வெள்ளம், பெரும்பாக்கம். ஏழை ஏழையாப் பொறுக்கி, வேலை செய்த இடத்திலேர்ந்து பிரிச்சு, பிள்ளை படிச்ச பள்ளிக்கூடத்திலேர்ந்து பிரிச்சு, ஆயிரக்கணக்கிலே ஒரே இடத்திலே அடுக்கினாங்க. நாத்தைப் பறிச்சது சரி. தண்ணி பாய்கிற வயல்லேயா நட்டோம்? களத்துமேட்டிலே கொட்டினோம்! இதுவும் இடத்தின் கதைதான், மனத்தின் கதை இல்லை.

அந்தக் குடியிருப்புக்கு என்ன பேர் வெச்சாங்க? கண்ணகி நகர்! நீதி கேட்டவள் பேர்! இன்றைக்கு அந்த ஊர்ப் பிள்ளைகள் என்ன சொல்றாங்க? “விண்ணப்பத்திலே கண்ணகி நகர்னு எழுதினா வேலை இல்லைங்கிறான், வேற விலாசம் போட்டுத்தான் வேலை தேடுறோம்” என்கிறார்கள். பல ஆண்டாகச் சொல்கிறார்கள். அதே கண்ணகி நகர்ப் பெண் ஒருத்தி 2025 அக்டோபரிலே பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியிலே, இந்தியக் கபடி அணியோடு தங்கப் பதக்கம் வாங்கி வந்தாள்! (நீண்ட கைதட்டல்) இந்தக் கைதட்டலை அப்படியே வெச்சுக்குங்க. நாளைக்கு அவள் பக்கத்து வீட்டுப் பையன் உங்கள் கடைக்கு வேலை கேட்டு வருவான். அப்போ தேவைப்படும்.

கண்ணகின்னு பேர் வெச்சவங்க கண்ணகி கதையை நினைச்சுப் பாத்தாங்களா? கோவலன் யாரு? இந்தக் காவிரி கடலிலே கலக்கிற புகார் நகரத்துக்காரன். இளங்கோவடிகள் அந்த நகரத்தை மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம்னு பகுதி பகுதியாப் பிரிச்சு, யார் யார் எந்தத் தெருவிலேன்னு நமக்குக் காட்டுகிறார். புகாரிலே பெருவணிகன் மகன்னு கோவலனுக்கு ஒரு முகவரி இருந்தது. மதுரையிலே? கோட்டைக்கு வெளியே ஆயர்பாடியிலே, மாதரி கொடுத்த வீட்டிலே ஒரு ராத்திரி தங்கினவன். அந்நியன். அவன் கையிலே ஒரு சிலம்பு. உண்மையிலே சிலம்பைத் திருடினவன் யாரு? அரண்மனைப் பொற்கொல்லன். அவனுக்கு அரண்மனை முகவரி! மன்னன் யாரை நம்பினான்? முகவரி உள்ளவனை நம்பினான். முகவரி இல்லாதவனை விசாரிக்காமலே வெட்டச் சொன்னான். கோவலன் மனசை அங்கே யார் பார்த்தார்கள்? கண்ணகி வந்து சிலம்பை உடைச்சுக் காட்டின பிறகுதான் பாண்டியனுக்குத் தெரிந்தது. அதுக்குள்ளே ஓர் உயிர் போய்விட்டது.

(நடுவர் மணி அடிக்கிறார்)

மணி அடிச்சாச்சு. முடிச்சுடறேன்.

நம்ம வீடுகளிலே என்ன நடக்குது? வரன் பார்க்கப் போறோம். பையனுக்கு நல்ல குணம், நல்ல வேலை, நல்ல படிப்பு. “வீடு எங்கேங்க?” விலாசத்தைச் சொன்னதும் அடுக்களையிலேர்ந்து வந்த காபி பாதி வழியிலே திரும்பிடுது! (சிரிப்பு) வாடகைக்கு வீடு கேட்டு வந்தவனை, வேலைக்கு வந்த பெண்ணை, வகுப்பிலே புதுசாச் சேர்ந்த பிள்ளையை, முதல் கேள்வியா “எந்த ஏரியா?”ன்னு கேட்கிறோம். பதிலைக் கேட்டுத் தீர்ப்பு எழுதிடறோம். அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. வாய்க்கால்லே தண்ணி விடாதவன், பயிர் கருகினதுக்குப் பயிரைக் கூண்டிலே ஏத்துற கதை இது.

ஆகவே நடுவர் அவர்களே! கணக்கெடுங்கள், வரைபடம் போடுங்கள், புள்ளி வையுங்கள். எங்கே புள்ளி நெருக்கமா விழுதோ, அங்கே முதல்லே விலங்கு போகக் கூடாது. பள்ளிக்கூடம் போகட்டும், பஸ் போகட்டும், வேலை போகட்டும், தன் பேரிலே பட்டா போகட்டும். கடைமடைக்குத் தண்ணி போய்ச் சேரட்டும். அப்புறமும் ஒருத்தன் திருடினா, எதிரணித் தலைவரைக் கூப்பிடுங்க, வந்து மனசைப் பத்திப் பேசட்டும். அதுவரைக்கும், குற்றங்கள் பெருகப் பெரிதும் காரணம் வாழும் இடமே, அந்த இடத்தை அப்படி விட்டு வைத்த நாமே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு விடைபெறுகிறேன்.

(நீண்ட கைதட்டல்)